முதல் வரிசையில் ஒரு தாம்பூலப் பை

1

இந்தக் கதை எனக்கு நீடாமங்கலம் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. பஸ் நிற்பதற்குள் ஒருவர் ஜன்னல் வழியாகத் தன் பையை உள்ளே போட்டார். அவர் ஏறி வரும்வரை அந்த இருக்கையில் ஒரு ஜீவனும் உட்காரவில்லை. காவல் இல்லை, கேமரா இல்லை, ஒரு பைக்கு அவ்வளவு மரியாதை. இதே பை வேறோர் இடத்தில் கிடந்தால்? என் முதலீடு அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தஞ்சை மண்ணில், தேசத்தின் பாதுகாப்பு குறித்து, அறிஞர்களும் ஆட்சியாளர்களும் தோளோடு தோள் நின்று—’

(நிற்கவில்லை. எல்லோரும் உட்காரத்தான் பார்த்தார்கள். வினையே அதுதான்.)

2

‘உள்நாட்டுப் பாதுகாப்பும் பயங்கரவாத எதிர்ப்பும்’ கருத்தரங்கு, தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ஓர் ஓட்டலில். வந்தவர் அத்தனை பேரும் பிரமுகர்கள். முதல் வரிசையிலோ ஏழெட்டு சோபாக்கள்தான்.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ரகுராமன் நீடாமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அவர் வாசிக்கவிருந்த கட்டுரை: ‘ஆளில்லாப் பை: மக்கள் விழிப்பே முதல் அரண்.’ அது அவர் கையிலிருந்த பைக்குள் இருந்தது. மகள் மாதங்கியின் கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பை. ஒரு பக்கம் மணமக்கள் பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில். மறுபக்கம் வெறும் துணி.

(அவருக்கு ஒரு தோல் பெட்டி கொடுத்துப் பார்த்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பிடுங்கிக்கொண்டேன்.)

நடு சோபாவை அவர் பார்த்து வைத்த நேரத்தில், அன்றைய சமையல் கான்ட்ராக்டர், குடவாசல் ஷேக் பரீத் தட்டோடு வந்தார்.

“வாங்க சார், வடை சூடா இருக்கு, பின்னாடி.”

“இடம் போயிடுமேங்க.”

“பையப் போட்டுட்டு வாங்க. யாரு எடுக்கப் போறா?”

ரகுராமன் போட்டார். எழுத்துப் பக்கம் அடியில் விழுந்தது.

3

(இந்தப் பகுதியில் தலைமையுரை இருந்தது. நீக்கிவிட்டேன். அங்கே இருந்தவர்களும் கேட்கவில்லை.)

4

தாமதமாக வந்த நிபுணர் ஒருவர் அந்த சோபாவில் உட்காரக் குனிந்தார். ‘இது யாரோட பை?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அது பஸ்ஸில் போகிறவர்கள் கேட்கும் கேள்வி. அவர் நிபுணர். “ஆளில்லாப் பை!” என்று அலறினார்.

கூட்டம் முட்டி மோதிப் பாய்ந்த பக்கவாட்டுக் கதவு நேராக நடவு வயலில் திறந்தது.

“ஏங்க, நாத்து மேல ஏறி நிக்கிறீங்களே! வரப்பு கண்ணுக்குத் தெரியல?” நட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து கத்தினாள்.

“உள்ள பாம் இருக்கும்மா!”

“அதுக்கு என் நாத்து என்னய்யா பண்ணுச்சு?”

முதலில் ஓடியவர்களில் ரகுராமனும் உண்டு. அது தன் பைதான் என்பது, கால் சேற்றில் புதைந்த பிறகே அவருக்கு உறைத்தது.

முன்வரிசைப் பக்கம் தட்டோடு ஒரு ஆள் வந்து போனதாக யாரோ சொன்னார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் புகழேந்தி அந்த ஆளை வரவழைத்தார்.

“பேரு?”

“ஷேக் பரீத்.”

சேற்றில் நின்ற கருத்தரங்கு முழுவதும் தலையசைத்தது. காலையிலிருந்து அவர்கள் ஒருமனதாக ஏற்ற முதல் தீர்மானம் இதுதான்.

“காபி குடிச்சப்ப யாரும் பேரு கேக்கலியே சார்.”

“எதிர்ப் பேச்சு வேணாம். பை யாரோடது? தெரியுமா, தெரியாதா?”

ஷேக் பரீத் ரகுராமனைப் பார்த்தார். ரகுராமன் தன் ஷூவைத் தேடுவதுபோலச் சேற்றைப் பார்த்தார்.

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் ரகுராமன் கையை உயர்த்தி, “என்னோடதுதான்” என்கிறார். கைதட்டல். படித்துப் பார்த்தேன். கையை உயர்த்தியது ரகுராமன் இல்லை, அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் அனுப்பிய ஆள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

“நீங்களே சொல்லிடுங்களேன் பாய்,” என்று ஷேக் பரீதிடம் கெஞ்சினேன்.

“நான் சொன்னா, மாட்டிக்கிட்டவன் அடுத்தவர் மேல பழி போடுறான்னு ஆயிடும். நீங்க மட்டும் வேற மாதிரி எழுதிடுவீங்களாக்கும்?”*

* அடிக்குறிப்பு: சாம்பார் இன்னும் தாளிக்கவில்லை என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதை இன்ஸ்பெக்டர் ‘பதற்றம்’ என்று குறித்துக்கொண்டார்.

6

இப்போது ஜன்னல் வழியே தெரிகிறது: வெடிகுண்டுப் பிரிவிலிருந்து கவச உடையில் வந்தவர் நீளக் கம்பியால் பையை மெல்லப் புரட்டுகிறார். புரண்டுவிட்டால் மாதங்கியின் பெயர் தெரிந்துவிடும். ஷேக் பரீதையும் விட்டுவிடுவார்கள். ஆனால் விடுவித்தது பையாக இருக்கும், ரகுராமனாக இருக்காது. அந்த இருவரும் இனி ஒருவரையொருவர் பார்க்கும்போதெல்லாம் அது தெரியும்.

ரகுராமனின் வலது கை நெஞ்சுவரை உயர்ந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யும் கையும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். அடுத்த வரியில் உங்களுக்காகக் கைக்குட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன். வேறு யாரும் உட்காரமாட்டார்கள். ஆனால் சீக்கிரம் வாருங்கள்.

ஷேக் பரீத் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.