சந்தனம் பூசிய கேசட்

எட்டு மாதம் சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுவிட்டு, ஆயுத பூஜைக்குத் திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தேன். நான்கே நாள் லீவு. மகள் தமிழ்ச்செல்வி என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. கடைசியில் அவளை என் பக்கம் உட்கார வைத்தது ஒரு வீடியோ கேம்தான். கைக்குள் அடங்குகிற செட். அசல் கம்பெனி இல்லை, பார்த்துச் செய்த நகல். ஆனால் நான் பள்ளிக்கூடக் காலத்தில் வாங்கிய கேசட்டைச் செருகினால் ஓடும். இருவரும் மாறி மாறி ஆடிக் கடைசிக் கோட்டைவரை வந்துவிட்டோம்.

பூஜையன்று போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தால் செட்டைக் காணோம். சாமி படத்துக்குக் கீழே, ஸ்பேனருக்கும் மிக்சிக்கும் நடுவில் இருக்கிறது!

"ஏம்புள்ள, இதுவும் ஆயுதமா?" என்று மனைவி சித்ராவிடம் கத்தினேன்.

"பூசையில வெச்சாச்சுங்க. நாளைக்குக் காத்தால மறுபூசை பண்ணித்தான் எடுக்கோணும்."

ஒரு நாள் முழுசாகப் போயிற்று. மறுநாள் பத்து மணிக்கு வண்டி கிளம்புகிறது. எட்டுக்கே செட்டைப் போட்டேன். திரை வெள்ளையாக நின்றது. கேசட்டை உருவிப் பார்த்தால், அடக் கடவுளே, அடியில் இருக்கும் பித்தளைப் பற்கள் பூராவும் சந்தனம், அதன்மேல் குங்குமம்!

"உனக்கு மூளை இருக்குதா?" என்று சித்ராவிடம் பாய்ந்தேன்.

"நான் அதத் தொடவே இல்லைங்க."

"பின்ன அந்த முருகனே வந்து பூசிட்டுப் போனானா?"

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். ஊதி ஊதி வாய் வலித்தது. சனியன், மறுபடியும் வெள்ளைத் திரை. வாசலில் டிரைவர் குழந்தைவேல் ஹாரன் அடித்தான். எரிச்சலில் கேசட்டைக் கட்டிலில் வீசினேன்.

தமிழ்ச்செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். "நாந்தான்ப்பா வெச்சேன். பொட்டு வெச்சா ரிக்கு ரிப்பேரே ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அதுக்கு இதுல போயி எதுக்குக் கண்ணு பொட்டு வெச்ச?"

"இது கெட்டுப் போச்சுன்னா நீங்க எங்கூட உக்கார மாட்டீங்கல்ல."

செட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசலில் ஹாரன் விடாமல் அலறியது.

"அடிச்சுத் தொலைடா!" என்று அங்கிருந்தே கத்தினேன். எழுந்திருக்கவில்லை.