விஸ்ணுபிராத்தா வைத்த தீ

கணவன் இறந்த ஆயிரமாவது நாள். வார்சித்தி காலையிலிருந்தே சடங்குக்கு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஏழெட்டு சுட்டிருப்பாள், கொல்லைப்புறத்திலிருந்து தோல் கருகும் நாற்றம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். குப்பைக் குழியில் தீ. பக்கத்தில் அவள் கணவனின் பெரிய மரப்பெட்டி திறந்து கிடந்தது. ஜாவாத் தீவின் கிளாத்தென் வட்டாரம் முழுக்க அவன் முப்பது வருஷம் திரைக்குப் பின்னால் ஆட்டிய எருமைத்தோல் பாவைகள் அதற்குள் இருந்தன. தீயில் சுருண்டுகொண்டிருந்தது துர்கா. அர்ஜுனனைக் கையில் எடுத்தபடி நின்றவன் அவள் கொழுந்தன் விஸ்ணுபிராத்தா. ஜகார்த்தாவிலிருந்து முந்தாநாள்தான் வந்திருந்தான்.

அர்ஜுனனைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடி, வார்சித்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"தம்பி, என்ன பண்றீங்க?"

"நல்லதுக்குத்தான் அண்ணி. அண்ணனுக்கு மறுமையில பாரம் குறையட்டும். இதெல்லாம் இந்துக்காரங்க சாமி. நாம தொழுறவங்க."

"நானும் அஞ்சு வேளை தொழுறேன். உங்க அண்ணனும் ராத்திரி இஷா தொழுதுட்டுத்தான் கூத்துத் திரைக்கு விளக்கேத்துவாரு. அதுல உங்களுக்கு என்ன குறை?"

"உங்களுக்குத் தெரியாது அண்ணி. நான் அங்க படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது. அதோடு மரியாதையும் போயிற்று.

"உன் பேரு என்னடா?"

"என்ன அண்ணி இது..."

"சொல்லு."

"விஸ்ணுபிராத்தா."

"அந்தப் பேர்ல யாரு உக்காந்திருக்கா? விஷ்ணு. அப்ப உன்னையும் இந்தக் குழியில தள்ளட்டுமா? நோன்பைப் புவாசாங்கிறே, சொர்க்கத்தைச் சுவர்காங்கிறே, மார்க்கத்தை அகாமாங்கிறே. அதெல்லாம் உங்க தாத்தா வயல்ல விளைஞ்சதா? இந்தியாவுலேந்து கப்பலேறி வந்த வார்த்தைடா. நம்ம சோத்தைத் தின்னு நம்ம பிள்ளையாச்சு. இந்தப் பாவைங்களும் அப்படித்தான். இந்தப் பெட்டியில நம்ம ஊர்க் கோமாளி செமார் இருக்கான், தொந்தியும் அவனுமா. தேவருங்க அவன் முன்னால கைகட்டி நிப்பாங்க. இந்தியாக்காரங்க கதையில அவன் இருக்கானா? கேட்டுட்டு வா, போ."

வேலிப் பக்கம் அண்டை வீட்டார் கூடிவிட்டார்கள். அவன் முகம் சிவந்தது.

"எங்க அண்ணன் பொருள். எனக்கும் பாத்தியதை உண்டு."

"பாத்தியதையா? அவரு மூணு மாசம் படுக்கையில கிடந்தாரே, அப்ப எங்க போச்சு அது? தம்பி வரானா, தம்பி வரானான்னு வாசலையே பாத்துக் கிடந்தாரு. நீ மண்ணு போடக்கூட வரல. இன்னைக்கு அவரு மறுமையைப் பாக்க வந்துட்டியா?"

தீயைக் கிளற மறுகையில் வைத்திருந்த குச்சியை அவன் கீழே போட்டான். அவன் மனைவி என்டாங் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து குழியில் கொட்டினாள். புருஷனை ஏறெடுத்தும் பார்க்காமல் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு பெண்களுமாக அதை உள்ளே தூக்கிப் போனார்கள்.

மதியம் ஊர் ஆண்கள் பாயில் உட்கார, பள்ளிவாசல் மோதின் துஆ ஓதினார். விஸ்ணுபிராத்தாவும் ஓரமாக வந்து உட்கார்ந்தான். ஓதி முடித்ததும் எல்லோருக்கும் சோற்றுக்கூடை வந்தது. அவன் முன்னால் மட்டும் வைக்கவில்லை.

மோதின் அதைக் கவனித்துவிட்டு எழுந்து வந்தார். "இன்னைக்கு ஒரு நாளாவது மன்னிச்சிரும்மா."

"நீங்க ஓத வேண்டியதை ஓதிட்டீங்க மோதின். மன்னிக்க வேண்டியவ நான். எப்பன்னு நான் பாத்துக்கிறேன்."

நாலு மணி பஸ்ஸுக்கு அவன் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். வார்சித்தி வாசலுக்கு வரவில்லை. அடுப்படியில் எச்சில் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அடி தேய்ந்து ஓட்டையாகும் அளவுக்கு.