சீர் மெத்தை

"என் சீர் மெத்தையைத் திருப்பிக் குடுங்க அத்தை" என்று கேட்டேவிட்டேன், வாழப்போன வீட்டில் எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று கல்யாணத்தன்று தலையில் பூ வைத்துக்கொண்டே அம்மா காதில் ஓதியதை, சீரைத் திருப்பிக் கேட்கிறவள் புருஷனை விட்டுப் போகிறவள் என்றுதான் விக்கிரமசிங்கபுரத்தில் எந்தத் தெருவிலும் அர்த்தம், அது எனக்குத் தெரியாதா, தெரிந்துதான் கேட்டேன்... தெரிந்துதானா? பழைய மெத்தையை வெளியே போடுவோம் என்று எத்தனை தரம் நயமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, சீர் மெத்தையைத் தெருவில் போட்டால் லட்சுமியைப் போட்ட மாதிரி என்பாள் அத்தை, சரி, என்னுடையது என்று கேட்டாலாவது கொடுக்கத்தானே வேண்டும். அவள் கையில் பிரம்பு அப்படியே நின்றது. வெளியே சாரல் விழுகிறதென்று வீட்டுக்குள் பட்டாசலிலேயே மெத்தையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள், பேத்திக்காகத்தான், தூசி போனால் பிள்ளைக்கு இளைப்பு குறையுமாம், போகிற தூசி எங்கே போகிறது, இதே வீட்டுக்குள்தானே, இதே நாலு வயசுப் பிள்ளையின் நெஞ்சுக்குள்தானே...

ஆனால் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை, மேகம் விலகி ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் ஒரு தூண் போல இறங்கியிருந்தது, அதற்குள் தூசி, ஒவ்வொரு துகளும் மினுங்கிச் சுழன்று, விழாமல், அவசரமே இல்லாமல், அம்மாடி, எவ்வளவு அழகு, இதுவா என் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கிறது? கல்லூரியில் என் தலையணைத் தூசியை ஒரு சிட்டிகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த நாள், தூசிப்பூச்சி, எட்டுக் கால், கண்ணாடி உடம்பு, கண்ணே கிடையாது, நம் மேல்தோல் உதிர்வதைத் தின்றே ஒரு வம்சம் வாழ்கிறது, கூட நின்ற பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள், நான் வாயைப் பிளந்து நின்றேன், எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான், இத்தனை நாளும் இந்த வம்சத்தோடா படுத்திருந்தேன் என்று. அவற்றின் எச்சம்தான் என் பிள்ளை உலகம்மையின் மூச்சுக்குழலை இறுக்குகிறதென்று அம்பாசமுத்திரத்து டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அதிர்ச்சியே இல்லை, அப்பாவை நினைத்துத்தான் வலித்தது, மில்லில் பஞ்சு வாங்கித் தன் கையாலேயே திணித்து இந்த மெத்தையைத் தைத்தார், என் மகள் அரசியாட்டம் படுக்கணும் என்று, அந்தப் பஞ்சுக்குள்தான் அரசாங்கமே நடக்கிறது அப்பா...

நேற்று மதியம் அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். கோரைப்பாயில் உலகம்மை தூங்கிக்கொண்டிருந்தாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன், விசில் இல்லை, இழுப்பு இல்லை, நெஞ்சு ஏறியது, இறங்கியது, பாபநாசத்துப் படித்துறையில் காற்றில்லாத நேரம் தண்ணீர் கல்லைத் தொட்டுவிட்டுப் போகுமே, அப்படி. மூச்சு என்பது சத்தமே இல்லாத காரியம் என்று அவளைப் பெற்ற பிறகு நான் மறந்தே போயிருந்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல்?

"இன்னைக்கு மெத்தை, நாளைக்குக் கட்டிலு, அப்புறம் பீரோவா? ஏட்டி, கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காவா எம்மவனை விட்டுட்டுப் போறேங்கே?" அத்தை பிரம்பால் மெத்தையை இன்னொரு அடி அடித்தாள். என் புருஷன் பெருமாள்ராஜ் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, "இதைவிடப் பழசுல போட்டுத்தான் எங்கம்மா என்னை வளத்தா, சங்கரி" என்றான். "வளந்தீங்கல்லா, அதான் பாக்கேனே" என்றேன். சிரிப்பு வந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு வார்த்தை, எடுத்துட்டுப் போ, போட்டுட்டு வா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தைதான் சொன்னாள், "கொண்டு போ. ஆனா போனவ இந்த நடையை மிதிக்கக் கூடாது, ஆமா."

சுருட்டினேன், சேலையைக் கிழித்துக் கட்டினேன், தலையில் ஏற்றினேன், இவ்வளவு கனமா, இதில் எவ்வளவு பஞ்சு, எவ்வளவு நாங்கள்? வாசலில் லோடு ஆட்டோ ஆவுடைநாயகம் அண்ணாச்சி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், "என்ன தாயி, அப்பா வீட்டுக்கா? பீரோவும் உண்டுமா?" "மெத்தை மட்டுந்தான் அண்ணாச்சி, குப்பைக்கிடங்குக்கு." அவர் வாய் மூடவில்லை, எதிர்வீட்டு ஜன்னல் மூடவில்லை. தூக்கி வண்டியில் எறிந்தேன், குப்பென்று ஒரு தூசி, சாரலில் நனைந்து அப்படியே தரையில் இறங்கியது, ஒரு நொடியில், ஆகாயம் தெளிந்தது. அப்போதுதான் தோளில் தொங்கிய பை இடுப்பில் இடித்தது. உள்ளே கையை விட்டேன், உலகம்மையின் இன்ஹேலர், அதை மாட்டும் குழல், அவளுடைய கவுன்கள், என் பட்டச் சான்றிதழ்... இதையெல்லாம் எப்போது எடுத்து வைத்தேன்? அத்தை பிரம்பை எடுக்கும் முன்னாலேயா? பின்னால் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அத்தையா, அவனா, சாரல் சத்தத்தில் தெரியவில்லை, அங்கன்வாடி விடும் நேரம், உலகம்மையை அழைத்துக்கொள்ள நடந்தேன்.