காரணம் என்ற கட்டம்

மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். பிழைப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் ராக்கெட் அக்காவின் பெயரை எழுதிவிட்டேன்.

நாட்குறிப்பில் எழுதிய அந்த வரியின் கீழே அவள் இரண்டு முறை கோடு போட்டாள். சட்டை தைக்கும் ஆலையில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. காலையில் பதினோரு சட்டைகளில் காலர் தையல் இடையிடையே விட்டு விழுந்திருந்தது. சட்டைகளோடு வந்த சீட்டில் ஐந்தாம் மெஷின் என்று இருந்தது. அந்த மெஷினில் இருப்பது ராக்கெட் அக்கா; வேகத்துக்குப் பேர்போன கை. அவசரக்காரி என்று நினைத்து இவள் அக்காவின் பெயரை எழுதிவிட்டாள். ஒரே மாதத்தில் மூன்று முறை பெயர் ஏறினால் சனிக்கிழமையோடு வேலை போய்விடும். அக்காவுக்கு இது மூன்றாவது. மூன்றையும் எழுதியது இவள் கைதான்.

வேலை முடிந்து அவள் படிக்கப் போகும் மாலை வகுப்பில் அன்று தத்துவப் புத்தகத்தின் நான்காம் பாடம். ஒன்றன்பின் ஒன்று வருவதைப் பார்க்கிறோம். ஒன்றினால் ஒன்று வருவதை உண்மையிலேயே பார்க்கிறோமா என்று கேட்டது அது.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதுக்கா இருபது பக்கம்?" என்றார் பக்கத்து பெஞ்சு பஸ் டிரைவர்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் பதிவேடு நினைவுக்கு வந்தது. காக்காயின் பெயரைத்தான் மூன்று முறை எழுதியிருக்கிறாள்.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"அந்த மூணு பதிவும் தப்பு சார். மெஷினை நான் பாக்கவே இல்ல. ஆளைப் பாத்து எழுதிட்டேன்."

"மெஷின் அதுபாட்டுக்கு ஓடுதேம்மா. சாயங்காலம் படிக்கப் போறேன்னு நீ சொன்னப்பவே இப்படி ஏதாச்சும் வரும்னு நெனச்சேன்."

"ஆளை மாத்திப் பாக்கலாம் சார். ஒரே ஆள் நாலாவது மெஷின்ல பத்துக் காலர், அஞ்சாவதுல பத்துக் காலர் தைக்கட்டும்."

"யாரு உக்காருவா? அவங்கவங்க பேரு அவங்கவங்களுக்குப் பெருசு."

"நான் உக்கார்றேன். ரெண்டு வருஷம் காலர் தச்சவதானே. ரெண்டு மெஷின்லயும் தையல் விட்டுச்சுன்னா என் பேரை எழுதிக்குங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு எட்டுலேருந்து ஒம்பது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

குழாயடியில் ராக்கெட் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். சேதி அதற்குள் அங்கே வந்திருந்தது.

"மூணு தடவையும் எழுதுனது நீதானாடி?"

"ஆமாக்கா."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாயில என்ன ஊசியா வெச்சிருந்தே?"

பதிலுக்குக் காத்திராமல் அக்கா போய்விட்டாள். ஈரக்கையை உதறியபடியே போனதில் சிமெண்டுத் தரையில் வரிசையாகத் துளிகள் விழுந்திருந்தன. அவை காயும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினாள்:

நாளை ஏழரைக்கே போக வேண்டும். இரண்டு மெஷினுக்கும் ஒரே நூல், ஒரே அளவுப் புது ஊசி. தைக்க உட்காருமுன், ஐந்தாம் மெஷின் எப்போதெல்லாம் தையல் விடுகிறது என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.