நாற்பத்திரண்டு நிமிட வாசகி

ஓவியர்கள் எழுதும் வலைப்பூ அறுநூறு சொல்லைத் தாண்டக் கூடாது என்று அடித்துச் சொன்ன மனிதருக்குச் சின்னவள் வைத்த பெயர் அறுநூறு. கலைஞர்கள் வாசகர்களைச் சேர்ப்பது எப்படி என்று இணையத்தில் ஆறு வார வகுப்பு நடத்துபவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு திரையில் வந்து உட்காருவார். படம் மேலே, எழுத்து கீழே, மூன்று தடவை விரலால் தள்ளியும் முடியாத கட்டுரையை உங்கள் வீட்டு ஆட்களே படிக்க மாட்டார்கள் என்பார். வீட்டு ஆட்கள் விஷயத்தில் மனிதர் சொன்னது சரிதான். சின்னவளின் கணவர் முதல் பத்தியைப் படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் குளிக்கப் போய்விடுவார்.

சின்னவளுக்கு வயது நாற்பத்தொன்பது. இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் வந்த பெயர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் மிச்சம். அது அக்கா. நான்கு மணி நேரப் பயணத்தில் வேறோர் ஊரில், ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள்.

வலைப்பூ எழுதுவது சின்னவளின் ஆசையில்லை. ஓவியக் காட்சிக்கூடம் நடத்தும் அம்மாள் போட்ட நிபந்தனை. அடுத்த வருஷ நடுவில் நடக்கும் கூட்டுக் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க உங்களுக்கு, ஆனால் பார்க்க ஆள் வர வேண்டும், ஆள் வர வேண்டுமென்றால் உங்களை நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். முப்பது வருஷமாக வரைகிறவளிடம் இதைச் சொல்லக் கொஞ்சமாவது கூசியிருக்க வேண்டும். கூசவில்லை. சின்னவளும் வாயை மூடிக்கொண்டு வகுப்பில் சேர்ந்தாள்.

முதல் இரண்டு மாதம் அறுநூறு கிழித்த கோட்டைத் தாண்டாமல் எழுதினாள். வாரம் ஒன்று, புதன்கிழமை மாலையில் போடுவாள், நானூறு சொல்லுக்குள். வாசகர்கள் பதினான்கு பேர். அதில் மூன்று பேர் அவளேதான், வெவ்வேறு கருவியிலிருந்து.

வலைப்பூவின் பின்பக்கத்தில் கணக்கு ஒன்று உண்டு. எந்த ஊரிலிருந்து திறந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று காட்டும். ஒன்பது விநாடி, பதினோரு விநாடி, ஆறு விநாடி என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒரு வரியில் சின்னவளின் கண் நின்றது. வியாழக்கிழமை காலை. நாற்பத்திரண்டு நிமிடம். ஊர், அக்காவின் ஊர். அடுத்த வியாழன் நாற்பத்தொன்று. அதற்கடுத்தது நாற்பத்துமூன்று. அந்த ஊரில் சின்னவளுக்குத் தெரிந்த வேறு ஒரு ஈ காக்கைகூடக் கிடையாது.

நானூறு சொல்லைப் படிக்க நாற்பது நிமிடம் எதற்கு என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அவளுக்கு வரவில்லை. அக்கா ஒரு தடவை படித்துவிட்டு விடுகிறவளா, மூன்று தடவை படித்திருப்பாள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் என்று தானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். நம்புவது என்று முடிவு செய்துவிட்ட மனசுக்குக் கூட்டல் கழித்தல் வராது.

அவள் அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. அக்காவிடம் சொல்ல அவளுக்கு ஒரு விஷயம் பாக்கியிருந்தது.

இருவருக்கும் ஒன்றரை வயதுதான் இடைவெளி. இருவரும் வரைவார்கள். அக்காவை ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி, இருவரையும் ஒன்றாகவே ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வைத்தார் அப்பா. ஆளுக்குப் பன்னிரண்டு படம் கொடுக்க வேண்டும். சின்னவளிடம் பத்துதான் தேறியது. அக்கா படங்களைச் சேர்த்துவைத்திருந்த அட்டையிலிருந்து இரண்டை உருவினாள். ஒன்று, ஊசியில் நூல் கோக்கும் அம்மாவின் கை. இன்னொன்று, கட்டிலுக்கடியில் கிடந்த அப்பாவின் செருப்பு. மூலையில் அக்கா போட்டிருந்த சின்னக் குறியை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். படங்களைக் காணோம் என்று அக்கா வீட்டைத் தலைகீழாகப் புரட்டியபோது சின்னவளும் கூடவே தேடினாள். பீரோவை நகர்த்தக் கைகொடுத்தாள். படுக்கையைத் தூக்கிப் பிடித்தாள்.

அக்கா அவசரத்தில் இரண்டு வரைந்து சேர்த்தாள். அந்த இரண்டைக் காட்டித்தான் அவளை வேண்டாம் என்றார்கள். நூல் கோக்கும் கையை வெகுநேரம் பிடித்துப் பார்த்த பேராசிரியர், இந்தப் பெண் உருப்படுவாள் என்று சின்னவளைச் சேர்த்துக்கொண்டார். அக்கா தட்டச்சு படித்தாள். அதற்கப்புறம் அவள் பென்சிலைக் கையில் எடுத்ததை யாரும் பார்த்ததில்லை.

இதை நேரில் சொல்லும் தைரியம் முப்பது வருஷமாகச் சின்னவளுக்கு வரவில்லை. மாதம் இரண்டு முறை தொலைபேசியில் முழங்கால் வலியைப் பற்றியும் தண்ணீர் வராத குழாயைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். அதற்கு நடுவில் எங்கே கொண்டுபோய்ச் செருகுவது? இப்போதோ, தான் எழுதுவதை நாற்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்து படிக்கும் அக்கா கிடைத்திருக்கிறாள்.

கட்டுரைகள் நீள ஆரம்பித்தன. எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரம். வகுப்பு முடிந்தும் மாணவர்களின் வலைப்பூவைப் பார்த்துவந்த அறுநூறு தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இப்படி எழுதினால் இருக்கிற பதினான்கு பேரும் ஓடிவிடுவார்கள் என்றார். ஓடட்டும் என்றுதான் சின்னவளும் நினைத்தாள். நீளத்தில் அவளுக்கு ஒரு வசதி தெரிந்துவிட்டது. ஊரார் வரமுடியாத தூரத்தில், அக்கா மட்டும் நடந்து வந்து சேரும் இடத்தில் அதை வைத்துவிடலாம்.

மழைக்காலத்தில் அதை எழுதினாள். மேலே புதிதாக வரைந்த ஒரு படம், அதே கை, அதே ஊசி. கீழே சாம்பல் நிறம் கலப்பது எப்படி என்று இரண்டாயிரத்து நானூறு சொல். நீலத்தில் எத்தனை பங்கு, பழுப்பில் எத்தனை பங்கு, எண்ணெய் கூடினால் என்ன ஆகும் என்று படிக்கிறவனுக்குக் கொட்டாவி வருவதற்கென்றே எழுதிய எழுத்து. அதையெல்லாம் தாண்டினால் ஒரு பத்தி. என் முதல் இரண்டு படங்கள் என்னுடையவை அல்ல, என் அக்காவுடையவை என்று தொடங்கியது. அழித்த குறி, நகர்த்திய பீரோ, எல்லாவற்றையும் சொல்லி, மன்னித்துவிடு அக்கா என்று முடிந்தது. பதினோரு தடவை திருத்தினாள். ஒரு வரியைப் படிக்கும்போது அவளுக்கே கண் கலங்கியது. கலங்கிய வரியை இன்னும் கொஞ்சம் செதுக்கினாள்.

வியாழக்கிழமை காலையில் கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள். நாற்பத்துநான்கு நிமிடம் என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். முழங்காலை விசாரித்தாள், குழாயை விசாரித்தாள். வைக்கும்போது, உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கு அந்த இரண்டு சொல்லில் உலகத்தில் உள்ள மன்னிப்பெல்லாம் இருந்ததாகச் சின்னவளுக்குத் தோன்றியது. போனை வைத்துவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் ஏழு மாதம் ஓட்டினாள்.

கண்காட்சி நெருங்கியபோது காட்சிக்கூடத்து அம்மாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வாசகர்கள் ஒன்பது பேராக இளைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அறுநூறாக வெட்டுங்கள், அந்தச் சாம்பல் கட்டுரையை எடுத்தே விடுங்கள், நான் பாதிகூடத் தாண்டவில்லை என்றாள். சின்னவள் முடியாது என்றாள். யாருக்காக இவ்வளவு நீளம் என்று அம்மாள் கேட்டதற்கு, படிக்கிறவர்களுக்காக என்றாள். சுவர், மண்பாண்டம் செய்யும் ஒருவருக்குப் போனது. அவர் படத்துக்குக் கீழே எண்பது சொல் எழுதுகிறவர்.

வலித்தது. இல்லையென்று பூசி மெழுக முடியாது. அதுவரை அப்படியொரு சுவர் அவளுக்குக் கிடைத்ததே இல்லை, இனிமேல் கிடைக்கப்போவதும் இல்லை. ஆனாலும் போனால் போகிறது, எனக்கு அக்கா இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அக்காவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே போய் நிற்க வேண்டும் என்று ஒரு சின்னப்பிள்ளை ஆசை. அந்த வாரக் கட்டுரையைப் போட்டுவிட்டு, மறுநாள் விடியும்போது கிளம்பும் பேருந்தில் ஏறினாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது மணி பத்து இருபது. ஒட்டிப்போட்ட நாலு நாற்காலிகளில் ஒன்றில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பின்னால் அக்கா, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி, யாருக்கோ நேரம் ஒதுக்கி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கணினித் திரை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அதில் சின்னவளின் படம் தெரிந்தது. படமும் தலைப்பும் மட்டும். ஒரு வரிகூடக் கீழே இறங்கவில்லை. எழுதுவதற்கு நடுவில் அக்காவின் இடது கை தானாகப் போய் மவுஸை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தது. கண் நோட்டை விட்டு எழவே இல்லை.

அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாயே என்று கடிந்துகொண்டு, மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்தாள். பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"பாரு, உன்னுதுதான். பத்து மணியில இருந்து தொறந்து வெச்சிருக்கேன். வியாழக்கிழமைன்னா டாக்டர் பத்தே முக்காலுக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் இந்தப் பொட்டி என்னோடது. அப்பப்ப ஆட்டி விடணும், இல்லன்னா அணைஞ்சிடும்."

"எதுக்குக்கா?"

"நீதானே எல்லாருக்கும் சொன்ன, தொறந்து ரொம்ப நேரம் வெச்சிருந்தா உனக்கு நல்லதுன்னு."

சொல்லியிருந்தாள். வலைப்பூ தொடங்கிய முதல் வாரத்தில், வகுப்பில் கேட்டதை அப்படியே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தாள். எல்லாரும் ஒரு தடவை திறந்துவிட்டு மறந்தார்கள். அவளும் மறந்துபோனாள். அக்கா மட்டும் ஒரு வியாழன்கூடத் தவறாமல் அதைச் செய்திருக்கிறாள்.

படித்ததே இல்லையா என்று சின்னவள் கேட்டாள். எங்கே நேரம் என்று அக்கா நோட்டைப் பார்த்தபடி சொன்னாள். அதோடு விட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

"மழைக்காலத்துல ஒண்ணு போட்டேனே. அதுல கடைசில உனக்கு ஒண்ணு எழுதியிருந்தேன்."

அக்காவின் பேனா நின்றது. கன்னத்தைப் பிடித்திருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு படத்தப் பத்தியா?"

சின்னவள் தலையை ஆட்டினாள்.

"மேல அந்தக் கையப் போட்டிருந்தியே. பாத்ததுமே புரிஞ்சிபோச்சு. அதான் கீழ போகல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் முதல் வருஷக் கண்காட்சிக்கு நானும் அப்பாவும் வந்தோமே. செவுத்துல மாட்டியிருந்தது, கீழ உன் பேரு. அப்பா என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு, இது நீ வரைஞ்சது இல்லையான்னு. இல்லப்பா, அவளோடதுதான்னு சொன்னேன்."

அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. நோயாளிக்கு எந்தப் பல், எத்தனை மணிக்கு என்று சொல்லும் அதே குரல். முப்பது வருஷமாக ஒளித்துவைத்ததாக நினைத்த ஒன்று, இருபத்தெட்டு வருஷமாக இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறது. அப்படியென்றால் படித்திருக்கலாமே, ஒரே ஒரு தடவை கீழே இறங்கிப் பார்த்திருக்கலாமே என்று சின்னவள் அழாக்குறையாகக் கேட்டாள்.

"நீ அழகா எழுதியிருப்ப," என்றாள் அக்கா. "படிச்சா எனக்கு அழுகை வந்திடும். அழுதுட்டேன்னா, மன்னிச்ச மாதிரி ஆயிடும். நான் மன்னிக்கல."

சின்னவள் அவள் கையைத் தொட்டாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பற்றிக்கொள்ளவும் இல்லை.

"நீ எழுது. நான் வாரா வாரம் தொறந்து வெக்கிறேன். அதுல குறை வெக்க மாட்டேன். படின்னு மட்டும் சொல்லாத."

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா பழகிய கையால் பக்கத்தை மூடினாள். நோயாளிகளின் பட்டியல் திரைக்கு வந்தது. டாக்டர் உள்ளே வந்து, மேசைக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த புது ஆளைப் பார்த்து யாரென்று கேட்டார். அக்கா எழுந்து நின்றாள்.

"என் தங்கச்சி, டாக்டர். நல்லா வரைவா."