ஒன்று குறைவாக

சமூகக் கூடத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவளை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். மாதத்தின் முதல் செவ்வாய் சோதனை நாள். கையை ஊன்றாமல் அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருகிறார்கள் என்று எண்ணி, ஆளுக்கொரு அட்டையில் எழுதிவைப்பாள்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவரும் அவர் மனைவியும் சேர்ந்த புதிதில் அவருக்குப் பதினான்கு, அந்த அம்மாவுக்குப் பதினேழு. அப்புறம் அவர் கால் நரம்புகள் தளர ஆரம்பித்தன. போன பலம் திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் பதினொன்றுக்கு இறங்கினார். அந்த அம்மா பத்து. அவர் ஒன்பது, அம்மா எட்டு.

"கல்யாணமான நாள்லேர்ந்து இவ என்னை ஜெயிக்க விட்டதே இல்ல டீச்சர். இப்பத்தான் வசமா மாட்டியிருக்கா!" என்று வாய்கொள்ளாமல் சிரித்தார் மெக்கானிக்.

இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் டீச்சருக்குப் பொறி தட்டியது. மறுவாரம் அவரை உடற்பயிற்சி சைக்கிளில் உட்காரவைத்துவிட்டு, அம்மாவை அடுத்த அறைக்கு அழைத்தாள்.

"வேணும்னே குறைச்சுக்கறீங்களாம்மா?"

"அவர் இங்க வர்றதே என்னைவிட அந்த ஒண்ணு கூட எடுக்கறதுக்காகத்தான். வீட்லயும் அவர் உக்காந்தா நானும் உக்காந்துடறேன். நான் ஓடியாடினா முகம் சுருங்கிப்போகுது."

"இப்ப அவர் பாக்கல. உங்க முழு பலத்தோட ஒரு தடவை செய்ங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆறுவரை மளமளவென்று எழுந்தார். ஏழில் முழங்கால் நடுங்கியது. எட்டை எப்படியோ முடித்தவர், ஒன்பதாவதற்குப் பாதி எழும்பித் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இன்னும் பத்து நொடி பாக்கியிருந்தது.

"நிஜமாவே அவ்வளவுதான் வருது," என்றார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

டீச்சர் பதறிப்போனாள். "புதன்கிழமை வகுப்புக்குத் தனியா வாங்கம்மா. ரெண்டு மாசத்துல ஏத்திடலாம்."

"அவரை யார் பாத்துக்கறது? எங்க போறேன்னு சொல்லிட்டு வர்றது? எனக்குப் பொய் சொல்ல வராது டீச்சர்."

டீச்சர் அந்த அம்மாவின் அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

அடுத்த சோதனையில் மெக்கானிக்குக்கு ஏழு. பிறகு மனைவியின் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினார். ஆறோடு அந்த அம்மா நின்றுவிட்டார். நிறுத்திக்கொண்டாரா, முடியவில்லையா என்று இந்த முறை டீச்சராலேயே சொல்ல முடியவில்லை.

மெக்கானிக் சிரிக்கவில்லை. குனிந்து மனைவியின் முழங்காலைத் தொட்டார்.

"இன்னும் நேரம் இருக்கு. என்னை விடு, நீ எழுந்திரும்மா," என்றார்.