பாங்காக்குக்கு மூன்றரை மணி நேரம்

"19.8.2008, செவ்வாய். பெங்களூரிலிருந்து பாங்காக்குக்கு விமானம் ஐந்து மணி நேரம் என்று நேற்று எழுதியது தவறு. இங்கே இரவு பன்னிரண்டரைக்குக் கிளம்பி அங்கே காலை ஐந்தரைக்கு இறங்குகிறது. ஆனால் அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சரியான விடை மூன்றரை."

மூக்கண்டப்பள்ளி கம்பெனியின் ஸ்டோரில், சாப்பாட்டு இடைவேளையில் சுகுணா தன் நோட்டில் இதை எழுதினாள். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்பதால் மேனேஜர் அசோக்குமார் இந்த வேலையை அவளிடம் கொடுத்திருந்தார். வயர் கனெக்டர் வார்க்கும் பதினான்கு மோல்டுகள், இரும்பு அச்சுகள், பழுதுபார்க்க பாங்காக் போகின்றன. பயண நேரத்தைப் பட்டியல் போட வேண்டும். தேவனஹள்ளியில் திறந்திருக்கும் புது விமான நிலையத்துக்கு டெம்போ போய்ச் சேரவே நாலு மணி நேரம். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வானத்துக்கு அதைவிடக் குறைவா? இரண்டு முறை கூட்டினாள். நம்பிக்கை வராமல் மூன்றாவது முறையும் கூட்டினாள்.

ஸ்டோர் வாசலை ஒட்டிய மிஷினில் கருப்பாயி ஒரு மோல்டைத் துடைத்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். கம்பத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாக அதே மிஷினில் நிற்பவள். நாலு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வேலை பார்த்ததில் கண்கள் உள்ளே போயிருந்தன. மோல்டு இல்லாத பத்து நாளுக்கும் சேர்த்து ஸ்டாக் அடுக்கிவிட்டால் வேலை நிற்காது என்று முப்பது பெண்களையும் சம்மதிக்க வைத்தது சுகுணாதான்.

"என்ன டீச்சரம்மா, என் மோல்டு ப்ளைட்டு ஏறுதாம்ல. நான் அதப் பக்கத்துல கூடப் பாத்ததில்ல."

"நீயும் பெட்டிக்குள்ள உக்காந்துக்கக்கா."

"எடுபட்டவளே. பத்து நாள்ல வந்துரும்ல?"

"வந்துரும்க்கா. சாரே சொன்னாரு."

நாலு மணிக்கு அசோக்குமார் பட்டியலை விரல் வைத்துப் படித்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. திரும்பும் பயணம்.

"இத யாரு போடச் சொன்னது?"

"நானாத்தான் சார். பழுது பாத்துட்டு வர்றப்ப..."

"எடுத்துரும்மா." அவர் அதன் மேல் பேனாவால் குறுக்கே கோடு இழுத்தார். "மோல்டு இனி அங்கயேதான் ஓடும். அங்க செட் ஆகுற வரைக்கும் கஸ்டமருக்கு நம்ம ஸ்டாக்கு போதும். வெளிய சொல்லிக்காத. உனக்கு ஆபீஸ்ல ஏதாவது பாக்கலாம்."

"முப்பது பேரு சார்."

"கான்ட்ராக்ட் தானேம்மா." அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வெளியே அட்டைப்பெட்டிகள் கூரை வரை நின்றன. ஒவ்வொன்றிலும் அடைத்தவளின் நம்பர். கருப்பாயி மோல்டுக்கு பாலிதீன் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மழ வந்தாலும் துரு ஏறாது பாரு. எனக்கு அப்படியே திரும்பி வரணும்."

சுகுணா டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டாள். ஷிப்ட் சங்கு ஊதியது.

மாலை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"நாளை: டெம்போ எட்டு மணிக்கு. ஏழுக்கு முன்பே போக வேண்டும். கருப்பாயி அக்கா முதல் மோல்டின் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்குமுன் சொல்லிவிட வேண்டும்."